டாங்கா, நவம்பர் 1914: ஒரு தோற்றுப்போன தரையிறக்கத்தை அந்த இடத்திலேயே நின்று படித்தபோது

முதல் உலகப் போரைப் பற்றி ஓரளவு படித்தவர்களிடம் டாங்கா என்று சொன்னால் இரண்டு விஷயங்கள் உடனே வந்து விழும். ஒன்று, பிரிட்டிஷ் படையைத் தேனீக்கள் விரட்டிய கதை. இன்னொன்று, மதராஸ் சிப்பாய்கள் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடிய கதை. இரண்டும் நடந்தவைதான். ஆனால் இந்த இரண்டையும் வைத்து ஒரு முழுத் தோல்வியை விளக்கிவிடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு மனசு ஆறவில்லை. ஓடியதாகச் சொல்லப்படும் பட்டாலியனின் பெயர் 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். பிழைப்பு தான்சானியாவில், தார் எஸ் சலாமில். டாங்கா இங்கிருந்து பஸ்ஸில் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடும் தூரம். போகாமல் இருக்க முடியுமா?

போய் நடந்து பார்த்து, அப்புறம் திரும்ப வந்து புத்தகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் எனக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறேன். இதுபோன்ற ஒரு பழைய போர்க்களத்தைப் படிக்க நினைப்பவர்களுக்கு என்னென்ன பயன்படும் என்பதையும் இடையிடையே சொல்கிறேன்.

முதலில் நடந்தது என்ன என்று சுருக்கமாக. இன்றைய தான்சானியாவின் பெருநிலப்பகுதி 1914இல் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா. அதன் வடக்குத் துறைமுகம் டாங்கா. அங்கிருந்து கிளிமஞ்சாரோ அடிவாரத்தில் உள்ள மோஷி வரை ரயில் பாதை 1911லேயே போட்டு முடித்திருந்தார்கள். டாங்காவைப் பிடித்தால் அந்த ரயில் பாதை கைக்கு வரும், அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடலாம் என்பது பிரிட்டிஷ் திட்டம். அதற்காக இந்தியாவிலிருந்து 'பி' படை என்ற பெயரில் ஏறத்தாழ 8,000 பேரை அனுப்பினார்கள். தளபதி மேஜர் ஜெனரல் ஆர்தர் எய்ட்கன். எதிரில் ஜெர்மன் படையின் தளபதி லெப்டினன்ட் கர்னல் பால் ஃபான் லெட்டோ-ஃபோர்பெக். சண்டை உச்சத்தில் இருந்தபோதுகூட அவர் கையில் இருந்தது ஆயிரம் பேர் அளவுதான், பெரும்பாலும் அஸ்காரிகள் எனப்பட்ட ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். நவம்பர் 2இல் தொடங்கி 5இல் எல்லாம் முடிந்தது. எட்டுக்கு ஒன்று என்ற பலத்தோடு வந்தவர்கள் மூட்டை முடிச்சைக் கரையிலேயே விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள்.

எட்டுக்கு ஒன்று. இந்தக் கணக்கைப் படித்ததும் "அப்படியென்றால் சிப்பாய்கள்தான் சரியில்லை" என்று மனசு தானாகப் போய்விடும். நானும் சின்ன வயதிலிருந்து இந்தக் கதையை இப்படித்தான் கேட்டிருக்கிறேன். அந்த இடத்தில் நின்றால் கணக்கு வேறு மாதிரி தெரிகிறது.

டாங்கா நகரத்துக்குக் கிழக்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனை ராஸ் கசோனே. இன்றைக்கு அங்கே நல்ல வீடுகளும் நீச்சல் கிளப்பும் இருக்கின்றன. படை இறங்கியது அங்கேதான். போகிறவர்களுக்கு என் முதல் யோசனை: ஓதப் பட்டியலைப் பார்த்துவிட்டு, கடல் வற்றும் நேரத்தில் போங்கள். இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே மூன்று மீட்டருக்கு மேல்கூட வித்தியாசம் வரும். ஏற்றத்தில் போனால் நீலத் தண்ணீர், அழகான விரிகுடா, படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவீர்கள். வற்றத்தில் போனால்தான் தெரியும்: முதலில் சேறு, அப்புறம் காலைக் கிழிக்கும் பவளப்பாறை, ஓரத்தில் கண்டல் மரங்களின் வேர், அதைத் தாண்டினால் செங்குத்தான மேடு. செருப்போடு இறங்கினேன், கொஞ்ச தூரத்திலேயே சேறு செருப்பைப் பிடித்துக்கொண்டது, குனிந்து கையால் பிடுங்க வேண்டியிருந்தது. மேட்டில் ஏற இரண்டு கையாலும் செடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதில் துப்பாக்கி, தோட்டா, தண்ணீர்க் குப்பி, மூட்டை எல்லாவற்றோடும், இருட்டில், எதிரி எங்கே என்று தெரியாமல், படகிலிருந்து குதித்து ஏறியவர்களை நினைத்துப் பாருங்கள்.

இப்படிப்பட்ட இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? துறைமுகத்துக்குள் கண்ணிவெடி இருக்கும் என்ற பயம். அந்தப் பயம் வந்த விதம்தான் இந்தக் கதையிலேயே முக்கியமான பகுதி என்று நான் நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

போர் தொடங்கியதும் 1914 ஆகஸ்டில், தார் எஸ் சலாம், டாங்கா இரண்டையும் தாக்குவதில்லை என்று அங்கிருந்த பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகளும் ஜெர்மன் நிர்வாகமும் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். லண்டன் அதை ஏற்கவில்லை. இருந்தாலும் ஃபாக்ஸ் என்ற போர்க்கப்பலின் கேப்டன் பிரான்சிஸ் கால்ஃபீல்டு, உடன்பாடு முறிந்தது என்று எதிரிக்குச் சொல்லாமல் தாக்குவது முறையல்ல என்று கருதினார். நவம்பர் 2 காலையில், படையை ஏற்றி வந்த கப்பல்களைக் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் நிறுத்திவிட்டு, ஃபாக்ஸ் மட்டும் டாங்காவுக்குள் போனது. மாவட்ட அதிகாரி அவுராஹரைக் கப்பலுக்கு வரச்சொல்லி, ஒரு மணி நேரத்தில் சரணடையாவிட்டால் குண்டு போடுவோம் என்றார் கேப்டன். துறைமுகத்தில் கண்ணிவெடி இருக்கிறதா என்றும் கேட்டார். இருக்கிறது என்றார் அவுராஹர். உண்மையில் இல்லை. மேலிடத்தைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கரைக்குப் போன அவுராஹர், லெட்டோ-ஃபோர்பெக்குக்குத் தந்தி அடித்துவிட்டு, உடுப்பை மாட்டிக்கொண்டு தன் ஆட்களோடு சண்டைக்குத் தயாராகிவிட்டார். காத்திருந்து பார்த்துவிட்டு ஃபாக்ஸ் திரும்பியது. படைக் கப்பல்களை அழைத்துவந்து, இல்லாத கண்ணிவெடியைத் தேடிக் கடலை அரித்து, கடைசியில் முதல் சிப்பாய் கரையில் கால் வைத்தபோது அன்றைய இரவாகிவிட்டது.

காலையிலிருந்து இரவு வரை ஒரு முழுப் பகல். காலையில் ஃபாக்ஸ் வந்தபோது டாங்காவில் இருந்தது சின்னக் காவல் படைதான். மோஷியிலிருந்து டாங்காவுக்கு ரயிலில் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். அந்தப் பகல் முழுக்க ஜெர்மன் படை ரயில் ஏறிக்கொண்டிருந்தது. எந்த ரயில் பாதையைப் பிடிக்க வந்தார்களோ அதே ரயில் பாதை எதிரிக்கு ஆட்களைக் கொண்டுவந்து கொடுத்தது.

அதனால் எந்தப் போரைப் படித்தாலும் நான் இப்போது முதலில் செய்வது, ஒரு தாளில் மணிக் கணக்கை எழுதுவதுதான். இடது பக்கம் ஒரு படை, வலது பக்கம் மற்றொரு படை. யார் எத்தனை மணிக்கு என்ன செய்தார்கள், அந்த நேரத்தில் மறுபக்கம் என்ன நடந்தது. வீரம், கோழைத்தனம், தேனீ எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு வெறும் நேரத்தை மட்டும் எழுதுங்கள். டாங்காவுக்கு அப்படி எழுதியதும், நவம்பர் 2ஆம் தேதிப் பகல் அந்தத் தாளில் ஒரு பெரிய வெள்ளை இடைவெளியாக நின்றது. பாளையங்கோட்டைப் படை அப்போது நடுக்கடலில் கப்பலில் இருந்தது.

அந்தக் கப்பல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். படை பம்பாயிலிருந்து கிளம்பியது அக்டோபர் 16. அதற்கு முன்பே ஏற்றிவிட்டுத் துறைமுகத்தில் காக்க வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் கையில் இருந்த கென்யத் துறைமுகமான மொம்பாசா வந்து சேர அக்டோபர் 31. கடலையே பார்த்திராத பலர், நெரிசலான கப்பலில், வாந்தியும் பேதியுமாக வாரக்கணக்கில் கிடந்தவர்கள். மொம்பாசாவில் இறக்கி இரண்டு நாள் காலாற நடக்கவிட்டால் தேறிவிடுவார்கள் என்ற யோசனை இருந்தது. எய்ட்கன் ஏற்கவில்லை, ரகசியம் போய்விடும் என்றார். அந்தப் பட்டாலியன்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பயிற்சி செய்ததும் இல்லை. சில படைகளுக்குப் புதுத் துப்பாக்கியே கிளம்பும் தறுவாயில்தான் கிடைத்தது. கிழக்கு ஆப்பிரிக்காவிலேயே பழகிய கிங்ஸ் ஆப்பிரிக்கன் ரைஃபிள்ஸ் படையின் அதிகாரி, அஸ்காரிகளைக் குறைவாக எடைபோட வேண்டாம் என்று எச்சரித்தார். அந்தப் படையின் உதவியையும் எய்ட்கன் வாங்கிக்கொள்ளவில்லை.

ரகசியம் என்று சிப்பாய்க்கு ஓய்வு இல்லை. ஆனால் எதிரிக்கு நேரில் போய்த் தகவல் சொல்லியாகிவிட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

நவம்பர் 3 விடியலில் 13ஆவது ராஜ்புத், 61ஆவது பயனியர்ஸ் என்ற இரண்டு படைகளை மட்டும் நகரத்தை நோக்கி அனுப்பினார்கள். 61ஆவதும் மதராஸ் படைதான்; அடிப்படையில் சாலை, பாலம் போடும் வேலைக்குப் பழக்கப்பட்டவர்கள். முழுப் படையும் இறங்குவதற்கு முன், இருட்டில் சேற்றில் ஏறி வந்து தூங்காமல் இருந்தவர்களை முதலில் அனுப்பியாகிவிட்டது. நகரத்துக்குக் கிழக்கே ரயில் பாதைக்காக மண்ணை வெட்டிய பள்ளம் ஒன்று குறுக்கே கிடக்கிறது. ஜெர்மன் தரப்பு அதைப் பதுங்குகுழியாக்கிக்கொண்டது. முன்னேறியவர்கள் அங்கே அடிவாங்கித் திரும்பினார்கள். முந்நூறு பேர் அளவுக்கு அன்று காலையிலேயே சேதம்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் யாரும் அதிகம் பேசாத விஷயம். அன்று இரவு ஜெர்மன் படை நகரத்தை விட்டு மேற்கே கொஞ்சம் பின்வாங்கி நின்றது. டாங்கா ஏறத்தாழக் காலி. நள்ளிரவுக்குப் பிறகு ரயிலில் வந்து இறங்கிய லெட்டோ-ஃபோர்பெக், ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தக் காலி நகரத்துக்குள் தானே ஓட்டிப் போனார். தெருத் தெருவாகப் பார்த்தார். கடற்கரை வரை போய், விளக்கெரிய நின்ற பிரிட்டிஷ் கப்பல்களையும் பார்த்துவிட்டு வந்தார். நகரத்தைக் காப்பாற்றலாம் என்று முடிவெடுத்தது அந்தச் சைக்கிள் பயணத்துக்குப் பிறகுதான். மூன்று கிலோமீட்டர் தூரத்தில் ஆயிரக்கணக்கான படையோடு இருந்த எய்ட்கனின் தரப்பிலிருந்து நகரம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவர உருப்படியாக ஒரு வேவுக் குழு போகவில்லை.

நானும் என் நண்பர் ஒருவரும் ராஸ் கசோனேயிலிருந்து நகரம் வரை அந்தத் தூரத்தை நடந்தே போனோம். அவர் நாகர்கோவில்காரர், இங்கே பல வருஷமாகக் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர், என்னைவிட இளையவர். நவம்பர் மாதம், மதியம் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினோம். 1914 நவம்பர் 4 அன்று எய்ட்கன் முழுப் படையையும் முன்னேறச் சொன்னது அதே நேரத்தில்தான். இப்போது தார்ச்சாலை, நிழல் மரங்கள், குடிக்கத் தண்ணீர் எல்லாம் உண்டு. அன்றைக்கு ரப்பர்த் தோட்டம், தென்னை, ஆள் உயரப் புதர். பாதி தூரத்திலேயே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கடல் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் காற்று உள்ளே வருவதே இல்லை.

"அண்ணாச்சி, பக்கத்துல வர்ற ஆளு தெரியாத காட்டுக்குள்ள, பதினஞ்சு நாளு கப்பல்ல கிடந்துட்டு வந்து, இந்த வெயில்ல நிக்கச் சொன்னா நிப்பாங்களா?" என்றார் நண்பர்.

"சிலர் நின்னாங்கடே. அவங்களையும் சேத்துத்தான் சாகக் குடுத்தாங்க" என்றேன்.

நின்றவர்கள் கதை இது. 4ஆம் தேதி மதியம் படை ஒரே நீண்ட வரிசையாக முன்னேறியது. வலது பக்கம், கடலோரமாகக் காஷ்மீர் ரைஃபிள்ஸ். அடுத்து நார்த் லங்காஷயர், அந்தப் படையிலேயே ஒரே ஆங்கிலேய பட்டாலியன். நடுவில் பாளையங்கோட்டை 63. இடது ஓரத்தில் 101ஆவது கிரனேடியர்ஸ். புதரில் ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் வரிசை பிய்ந்துபோனது. பிற்பகலில் பள்ளத்தின் பக்கமிருந்து இயந்திரத் துப்பாக்கிகள் சுடத் தொடங்கியதும் 63 குலைந்தது. பெரும்பகுதி பின்னால் ஓடியது. இதை நான் மறுக்கப் போவதில்லை. அதனால் நடுவில் ஓட்டை விழுந்தது. லெட்டோ-ஃபோர்பெக் கையில் மிச்சம் வைத்திருந்த கம்பெனிகளைத் தெற்கே சுற்றிவரச் செய்து இடது ஓரத்தைத் தாக்கினார். அந்த ஓரத்தில் இருந்த 101 அங்கேயே நின்று, ஏராளமான ஆட்களையும் அதிகாரிகளையும் இழந்தது. வலது பக்கம் காஷ்மீர் ரைஃபிள்ஸும் நார்த் லங்காஷயரில் சிலரும் பள்ளத்தைத் தாண்டி நகரத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள். வீடு வீடாகச் சண்டை போட்டார்கள். பின்னாலிருந்து ஆதரவு வராததால் திரும்ப வேண்டியதாயிற்று.

ஆதரவு ஏன் வரவில்லை? மலைப் பீரங்கிப் படை ஒன்று கூடவே வந்திருந்தது, 28ஆவது மவுண்டன் பேட்டரி. அந்தப் பீரங்கிகளைக் கரையில் இறக்கவே இல்லை. கப்பல் மேல்தளத்தில் வைத்து அங்கிருந்தே சுட்டார்கள். மரங்களுக்குப் பின்னால் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கப்பலில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? இன்றைக்கும் விரிகுடாவில் படகில் போய்ப் பார்த்தால் கரையின் மேல் பச்சைத் திரைதான் தெரிகிறது. ஆக, கரையில் நின்ற சிப்பாய்க்குப் பீரங்கி என்பதே இல்லை.

அப்புறம் தேனீ. டாங்காப் பக்கத்தில் மரக்கட்டையைக் குடைந்து, கிளையில் கட்டித் தொங்கவிட்டுத் தேன் எடுக்கும் வழக்கம் உண்டு. தான்சானியாவின் உள்நாட்டில் இப்போதும் அப்படித் தொங்கும் கட்டைகளைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். தோட்டா பட்டுக் கலைந்த தேனீக்கள் பிரிட்டிஷ் தரப்பின் 98ஆவது காலாட்படை என்ற இந்திய பட்டாலியனை மொய்த்துக்கொண்டன, அது கலைந்தது. ஜெர்மானியர்களே தேனீயை ஆயுதமாக வைத்திருந்தார்கள் என்று ஒரு கதை அப்போதே கிளம்பியது. உண்மை என்னவென்றால், தேனீ இரண்டு பக்கத்தையும் கொட்டியது. ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கிகள் சிலவும் அதனால் நின்றுபோயின என்று லெட்டோ-ஃபோர்பெக்கே எழுதியிருக்கிறார். தேனீயால் தோற்றோம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது, யாருடைய பெயரையும் கெடுப்பதில்லை. அதனால்தான் நூறு வருஷம் தாண்டியும் அந்தக் கதை நிற்கிறது.

4ஆம் தேதி இரவு இன்னொரு முறையும் நகரம் காலியானது. ஊதுகுழல் சத்தத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு ஜெர்மன் கம்பெனிகள் மேற்கே தங்கள் முகாமுக்குத் திரும்பிவிட்டன. அன்றும் போய்ப் பார்க்க ஆளில்லை. மறுநாள் எய்ட்கன் படையைக் கப்பலில் ஏற்றச் சொன்னார். கனமான சாமான்கள் எல்லாம் கரையிலேயே. காயம்பட்டவர்களில் பலர் டாங்காவிலேயே விடப்பட்டார்கள். ஜெர்மன் கணக்குப்படி கிடைத்தது நூற்றுக்கணக்கான துப்பாக்கிகள், 6 லட்சம் தோட்டாக்கள்; போதாததற்கு இயந்திரத் துப்பாக்கிகள், தொலைபேசிக் கருவிகள், துணிமணிகள். அதுவரை அஸ்காரிகளில் பெரும்பாலோர் வைத்திருந்தது 1871ஆம் வருஷத்து மாதிரி, சுட்டால் புகை கிளம்பி இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும் பழைய துப்பாக்கி. டாங்காவுக்குப் பிறகு மூன்று கம்பெனிகள் புதுத் துப்பாக்கிக்கு மாறின. அந்தப் படையோடு லெட்டோ-ஃபோர்பெக் 1918 நவம்பர் 25 வரை தாக்குப்பிடித்தார். ஐரோப்பாவில் போர் முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் சரணடைந்தார். இடைப்பட்ட நான்கு வருஷத்தில் சுமை தூக்கியே செத்த ஆப்பிரிக்கர்கள் பல்லாயிரம் பேர்.

இந்திய, பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்களும் காயம்பட்டவர்களுமாக 800 பேருக்கு மேல். ஜெர்மன் தரப்பில் இறந்தவர்கள் எழுபது பேர் அளவில். செய்தி பல மாதம் பிரிட்டிஷ் மக்களுக்குச் சொல்லப்படவில்லை. எய்ட்கனின் பதவியைக் குறைத்து ஓய்வில் அனுப்பினார்கள். சரி, அது ஒரு தனிமனிதரோடு முடிந்தது. சிப்பாய்கள் மேல் விழுந்த பெயர் அப்படி முடியவில்லை.

இந்த இடத்தில் சாட்சிகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். டாங்காவைப் பற்றி இன்று பரவலாக மேற்கோள் காட்டப்படும் பல வரிகள் ரிச்சர்டு மைனர்ட்ஸ்ஹாகன் என்ற உளவு அதிகாரியின் நாட்குறிப்பிலிருந்து வருகின்றன. அவர் அந்தப் படையோடு வந்தவர், டாங்காவில் இருந்தவர், விறுவிறுப்பாக எழுதுகிறவர். மதராஸ் சிப்பாய்களைப் பற்றி அவர் எழுதியது மிகக் கடுமையானது. ஆனால் இதே மனிதர் பறவை ஆராய்ச்சியில் அருங்காட்சியக மாதிரிகளைத் திருடி, பிடித்த இடத்தை மாற்றி எழுதித் தன்னுடையதாகக் காட்டியவர் என்பது அவர் இறந்த பிறகு நிரூபணமானது. நாட்குறிப்புகளையும் பிற்காலத்தில் திருத்தித் தட்டச்சு செய்தார் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அவர் பெயரைச் சொல்லி வரும் வர்ணனை எதையும், வேறு ஒருவர் தனியாகச் சொல்லியிருந்தாலொழிய, நான் எடுத்துக்கொள்வதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். டாங்காவுக்கு இது நடக்கக்கூடிய வேலைதான். லெட்டோ-ஃபோர்பெக்கின் நினைவுக் குறிப்பு இருக்கிறது, பிரிட்டிஷ் அதிகாரபூர்வ வரலாறு இருக்கிறது, படைகளின் போர் நாட்குறிப்புகள் லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எதிரெதிர்ப் பக்கத்தில் நின்ற இருவர் ஒரே விஷயத்தை ஒரே மாதிரி சொன்னால் அதில் ஓரளவு நிற்கலாம். காலியான நகரமும் தேனீயும் அந்தச் சோதனையில் தேறுகின்றன.

சிப்பாய் தரப்பின் எழுத்து மட்டும் கிடைக்கவில்லை. 63இல் இருந்த ஒரு தமிழர் தன் கையால் எழுதிய வரி ஒன்றாவது கிடைக்குமா என்று தேடினேன். இதுவரை என் கண்ணில் படவில்லை. தோற்ற பழியைச் சுமந்தவர்களின் பேச்சைக் கேட்காமலேயே அவர்கள் மேல் தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது.

அந்தத் தீர்ப்பு டாங்காவுக்கு முன்பே தயாராக இருந்ததும்கூட. 1880களில் மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் பிரெடரிக் ராபர்ட்ஸ். தென்னாட்டுக்காரன் சண்டைக்கு லாயக்கில்லை, வடக்கேதான் போர்க்குணமுள்ள சாதிகள் என்ற கொள்கையை வலுவாக நிலைநாட்டியவர்களில் அவர் முக்கியமானவர். அதன்படி மதராஸ் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. மிச்சமிருந்தவை சண்டையே இல்லாத ஊர்களில் வருஷக்கணக்கில் முகாமிட்டிருந்தன. தகுதியில்லை என்று முடிவுகட்டி ஒதுக்கிவைத்த படையைத் திடீரென்று தூக்கிக் கப்பலில் போட்டு, கடல்வழித் தரையிறக்கம் என்ற போரிலேயே கடினமான வேலையைக் கொடுத்தார்கள். குலைந்ததும் "பார்த்தீர்களா, சொன்னோமே" என்றார்கள். போர் முடிந்து சில ஆண்டுகளில் மதராஸ் காலாட்படையையே ஏறக்குறையக் கலைத்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போர் வந்துதான் மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி எழுந்தது. கரை மட்டும் மாறினால் இதே தவறுகளை வெள்ளைக்காரப் படைகளும் செய்தன. டாங்கா முடிந்து ஆறு மாதத்துக்குள், 1915 ஏப்ரல் 25இல், துருக்கியின் கலிப்போலியில் எதிரியை முன்கூட்டியே உஷார்படுத்திவிட்டு இறங்கினார்கள். அங்கே இறந்தவர்களை யாரும் இனத்தைச் சொல்லிக் குறை சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

ஊரில் இதைப் பற்றிப் பேசினால், பாளையங்கோட்டைப் படை என்றால் முழுக்கத் திருநெல்வேலிச் சீமை ஆட்கள் என்றே நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெயர் பதினெட்டாம் நூற்றாண்டுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துக் கோட்டையிலிருந்து வந்தது. 1914இல் அதில் மதராஸ் மாகாணம் முழுவதிலிருந்தும் ஆட்கள் இருந்தார்கள்: தமிழர், முஸ்லிம்கள், பறையர் என்று பதிவேட்டில் தனியாகக் குறிக்கப்பட்டவர்கள். அதனால் உங்கள் குடும்பத்தில் யாராவது அந்தக் காலப் படையில் இருந்ததாகப் பேச்சு இருந்தால், நீங்கள் வேலூராக இருந்தாலும் திருச்சியாக இருந்தாலும் தேடிப் பார்க்கலாம்.

டாங்காவில் போர் நினைவுக் கல்லறைகள் இருக்கின்றன, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கிறது. போக முடியாதவர்களுக்கு அந்த ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் தேடும் வசதி உண்டு. அங்கே பெயரை மட்டும் போட்டுத் தேடினால் கிடைப்பது கஷ்டம். வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் அவை. முத்துசாமி ஒரே பட்டியலில் நாலு விதமாக இருக்கும். படைப்பிரிவின் பெயரையும் இறந்த தேதியையும் போட்டுத் தேடுங்கள். 1914 நவம்பர் 2 முதல் 5 வரை போட்டால் டாங்கா வந்துவிடும். காயத்தால் பின்னர் இறந்தவர்களுக்காகத் தேதியை டிசம்பர் வரை நீட்டிப் பாருங்கள். பல பதிவுகளில் அப்பா பெயர், கிராமம், தாலுகா, ஜில்லா வரை இருக்கும். மாவட்டப் பெயர்கள் பழைய எழுத்தில் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்: டின்னவெல்லி, டிரிச்சினாபோலி, நார்த் ஆற்காடு.

பெயர் கிடைக்கவில்லை என்றால் அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்த ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில், முதல் உலகப் போரில் இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும், பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்களுக்கும் தனிக் கல்லோ பெயரோ கிடைக்கவில்லை என்பதையும் அதே அறிக்கை சொல்கிறது.

கடைசியாக ஒரு வேலை, இதற்குத் தான்சானியா வரை போக வேண்டாம். வீட்டுப் பழைய பெட்டியில் வெள்ளைக்கார ராஜா காலத்து மெடல் கிடந்தால் அதைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். வட்டமான மெடலாக இருந்தால் அதன் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நட்சத்திர வடிவமாக இருந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். சிப்பாயின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். படைப்பிரிவு இருக்கும் இடத்தில் 63 என்றோ 61 என்றோ இருந்தால் ஒரு தாளில் அப்படியே எழுதிவைத்துக்கொண்டு, பெரியவர்கள் யாராவது இருக்கும்போதே அவர் யார், எந்த ஊர், திரும்பி வந்தாரா என்று கேட்டுவிடுங்கள்.